டிரினிட்டி கேட்டு பீட்டர்ஹவுஸ் கிடைத்தால்: கேம்பிரிட்ஜில் சின்னக் கல்லூரி என்றால் என்ன

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மகள் கேம்பிரிட்ஜில் நேச்சுரல் சயன்சஸ் என்ற அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். ராமானுஜன் இருந்த இடம் என்பதால் டிரினிட்டியைத் தேர்ந்தாள். ஜனவரியில் கடிதம் வந்ததோ பீட்டர்ஹவுஸ் என்ற வேறொரு கல்லூரியிலிருந்து. அங்கே இளநிலை மாணவர்கள் மொத்தமே ஏறத்தாழ 300 பேர். இது இரண்டாம் தரமா, ஆசிரியர்களும் ஆய்வகங்களும் போதுமா, சைவம் சாப்பிடும் பிள்ளை அங்கே எப்படிச் சமாளிக்கும், லண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டிலிருந்து போய்வரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்: சின்ன காலேஜில் போய் மாட்டிக்கொள்கிறோமோ என்பது. அந்தப் பயத்தில் பெரும்பகுதி அங்கே பொருந்தாது. பொருந்துகிற ஒரு பகுதி இருக்கிறது, அது உங்கள் பட்டியலில் இல்லை.

முதலில் 'கல்லூரி' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது லண்டன் பல்கலைக்கழகத்தை. ஆக்ஸ்ஃபோர்டையோ கேம்பிரிட்ஜையோ அல்ல. அதனால் நம் மனதில் பதிந்த ஏற்பாடு இது: பாடம் நடத்துவது, ஆய்வகம் வைத்திருப்பது எல்லாம் கல்லூரி, பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அப்படியிருந்தால் சின்னக் கல்லூரிக்குச் சின்ன ஆய்வகம்தான் வாய்க்கும், பயம் நியாயமே. கேம்பிரிட்ஜில் வகுப்பு, ஆய்வகம், தேர்வு, பட்டம் நான்கும் பல்கலைக்கழகத்தின் கையில். உங்கள் மகள் உட்காரப்போகும் வேதியியல் விரிவுரையில் டிரினிட்டிப் பிள்ளையும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். செய்முறை மேசையும் பொதுதான். கல்லூரி தருவது வேறு மூன்று: தங்க அறை, சாப்பாடு, வாரந்தோறும் நடக்கும் சூப்பர்விஷன் என்ற சிறுகுழுப் பாடம். இந்த மூன்றாவதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மூரிலிருந்து போகும் பிள்ளைகள் இடறுவது அங்கேதான்.

இரண்டாம் தரமா என்ற கேள்விக்கு வருவோம். அவள் வந்தது 'விண்டர் பூல்' என்கிற வழியாக. டிசம்பரில் நேர்காணல் முடிந்ததும், நல்ல விண்ணப்பம் என்றாலும் தன்னிடம் இடம் போதாது என்று ஒரு கல்லூரி கருதினால், அந்தக் கோப்பை மற்றக் கல்லூரிகளின் பார்வைக்கு வைக்கும். இடம் உள்ள கல்லூரி எடுத்துக்கொள்ளும். டிரினிட்டி போன்ற இடங்களில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கூட்டம் நெரியும் என்பதால் இந்தப் பொதுத்தொட்டி இல்லாவிட்டால் நல்ல பிள்ளைகள் பலர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். உள்ளே வந்தபிறகு யார் நேராக வந்தார், யார் பூல் வழியாக வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. தேர்வு எல்லாக் கல்லூரிக்காரர்களுக்கும் ஒரே தாள். விடைத்தாளில் எண்தான் இருக்கும். பெயரோ கல்லூரியோ இருக்காது. கல்லூரிகளைத் தேர்வு முடிவுப்படி வரிசைப்படுத்தும் டாம்ப்கின்ஸ் பட்டியல் என்று ஒன்று இணையத்தில் கண்ணில் படும். அது அதிகாரப்பூர்வமானது அல்ல. சின்னக் கல்லூரியின் இடத்தை அதில் பார்த்து மகிழவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். ஆண்டுக்கு 90 பேர் தேர்வெழுதும் கல்லூரியில் மூன்று பேர் கூடுதலாக முதல் வகுப்பு வாங்கினால் விழுக்காடு மூன்றுக்கு மேல் ஏறிவிடும், அடுத்த ஆண்டு அதேபோல இறங்கும்.

கல்லூரியின் பெயர் 'பீட்டர்ஹவுஸ்' மட்டுமே. அதோடு 'காலேஜ்' என்று ஒட்டினால் அங்கே முகம் சுளிப்பார்கள். கேம்பிரிட்ஜின் 31 கல்லூரிகளில் மூத்தது அதுதான். ஈலி நகரத்து ஆயர் ஹியூகோ டி பால்ஷம் 1284இல் நிறுவியது. அவர் முதலில் தம் மாணவர்களை ஒரு மருத்துவமனை மடத்தில் வைத்தார், அங்கே ஒத்துவரவில்லை, புனித பீட்டர் ஆலயத்தை ஒட்டிய வீடுகளுக்கு மாற்றினார், பெயர் அப்படி வந்தது. சாப்பாட்டுக் கூடம் ஏறத்தாழ 1290இல் எழுந்தது, இன்றும் அங்கேதான் சாப்பாடு. அறிவியல் பக்கம் கேட்டால், புரத அமைப்பு ஆய்வுக்காக 1962இல் நோபல் வாங்கிய ஜான் கெண்ட்ரூ, 1982இல் வாங்கிய ஆரன் க்ளூக் இருவருமே அங்கே ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் மூத்த அறிஞர் குழுவில் ஒருவராக, இருந்தவர்கள். சின்ன இடம்தான், வறண்ட இடம் இல்லை.

இனி சூப்பர்விஷன். ஒரு ஆசிரியர், அவர் முன்னால் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர், ஒரு மணி நேரம். நேச்சுரல் சயன்சஸ் முதலாண்டில் மூன்று அறிவியல் பாடமும் ஒரு கணிதப் பாடமும் எடுப்பார்கள். பாடத்துக்கு வாரம் ஒன்று என்று வைத்தால் வாரத்துக்கு நான்கு சூப்பர்விஷன் வரை வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாத்தாள் முன்கூட்டியே வரும். செய்து பெரும்பாலும் முந்தைய நாளே ஒப்படைக்க வேண்டும். இதற்குத் தரும் மதிப்பெண் பட்டத்தில் சேராது. சேராது என்பதுதான் முக்கியம்.

நம் பிள்ளைகள் செய்வது என்ன தெரியுமா? எட்டுக் கணக்கில் ஐந்து சரியாக வந்தது, ஆறாவது பாதியில் நின்றது என்றால், அந்த ஆறாவதைக் கிழித்துவிட்டு ஐந்தை மட்டும் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப் பழக்கம். விளைவு, அந்த ஒரு மணி நேரமும் ஏற்கெனவே தெரிந்த ஐந்திலேயே போய்விடும். அரைகுறை ஆறாவதை அப்படியே கொடுக்க வேண்டும். நின்றுபோன வரிக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: இங்கே உராய்வு எந்தத் திசையில் செயல்படும் என்று முடிவு செய்ய முடியவில்லை, அல்லது இந்த எல்லை நிபந்தனை ஏன் பூஜ்யம் என்று புரியவில்லை. அந்த வாக்கியத்திலிருந்துதான் சூப்பர்விஷன் தொடங்கும். 'எதுவும் புரியவில்லை' என்று எழுதினால் பயனில்லை, எந்த வரியில் என்று காட்ட வேண்டும். அங்கே மௌனத்துக்கு மரியாதை என்ற அர்த்தம் இல்லை. படித்துவரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சார், மேடம் என்று கூப்பிட வேண்டாம். முதல் மின்னஞ்சலில் டாக்டர் இன்னார் என்று எழுதினால் போதும். அவர்கள் முதற்பெயரில் கையெழுத்திட்டுப் பதில் போட்டால் அடுத்த முறை அதே பெயரில் எழுதலாம். முதல் இரண்டு வாரம் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும்.

சின்னக் கல்லூரியில் ஆசிரியர் போதுமா என்ற கேள்வியும் இங்கே தீர்ந்துவிடும். சூப்பர்விஷன் எடுப்பவர் அந்தக் கல்லூரிக்காரராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பாடத்துக்குப் பொறுப்பான 'டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ்' பல்கலைக்கழகம் முழுவதிலும் ஆள் தேடி ஏற்பாடு செய்வார். சின்னக் கல்லூரியில் என்ன மாறும் என்றால், வெளிக்கல்லூரிக்கு நடந்துபோய்ப் படிக்கும் சூப்பர்விஷன்கள் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதுவும் நேச்சுரல் சயன்சஸ் போன்ற பெரிய பாடத்தில் குறைவே.

சின்னக் கல்லூரி உண்மையில் கடிக்கும் இடம் இதுதான்: துணை. ஆண்டுக்கு நூறு பேருக்குக் குறைவாகச் சேரும் இடத்தில் அந்த நூறும் இருபதுக்கு மேற்பட்ட பாடங்களில் பிரிந்துபோகும். நேச்சுரல் சயன்சஸ் பெரிய கூட்டம் என்பதால் உங்கள் மகளுக்குக் கவலை இல்லை. ஆனால் மெய்யியலோ பழைய செவ்வியல் மொழிகளோ எடுப்பவர் தன் ஆண்டில் ஒருவராகவோ இருவரில் ஒருவராகவோ இருக்கக்கூடும். அந்த இன்னொருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று ஆண்டும் சூப்பர்விஷன் ஜோடி அவரேதான். இரவு பதினோரு மணிக்கு வினாத்தாளோடு கதவைத் தட்ட ஆள் இருக்காது. இதற்கு மருந்து, முதல் இரண்டு வாரத்திலேயே விரிவுரையில் பக்கத்தில் உட்காரும் வேறு கல்லூரிக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொள்வது. மூன்றாம் வாரம் தாண்டினால் கூட்டங்கள் கெட்டிப்பட்டுவிடும்.

துணை குறைவு என்பதன் மறுபக்கம், ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது. காலைச் சாப்பாட்டுக்கு வருகிற முகமே துணி துவைக்கும் அறையிலும் நூலகத்திலும் வரும். நட்பு முறிந்தால் ஒதுங்கிப்போக வேறு மூலை கிடையாது. அடுத்த நாள் எதிரே தட்டோடு நிற்பார்கள். சிலருக்கு இது பாட்டி வீட்டுத் தெரு மாதிரி இதமாக இருக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். உங்கள் மகள் எந்த வகை என்பதை என்னைவிட நீங்கள்தான் அறிவீர்கள். முதல் பருவத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், அது யாருக்குமே சரியான அளவுகோல் இல்லை.

நாள்பாடு எப்படிப் போகும் என்றால், பருவம் ஒவ்வொன்றும் எட்டே வாரம். அக்டோபர் தொடங்கி மிக்கேல்மஸ், ஜனவரி நடுவில் லெண்ட், ஏப்ரல் கடைசியில் ஈஸ்டர். ஆண்டுக்கு 24 வாரம்தான் பாடம். அதற்குள் நம்மூரில் ஒரு வருடம் நடத்துவதைத் திணிப்பார்கள். விரிவுரை வியாழக்கிழமை தொடங்கும், அதனால் அங்கே 'வாரம்' என்பதே வியாழன் முதல் புதன் வரை. 'மூன்றாம் வாரம் திங்கள்' என்று வினாத்தாளில் இருந்தால் நாட்காட்டியில் விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் தேதி தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். நேச்சுரல் சயன்சஸுக்குச் சனிக்கிழமையும் விரிவுரை உண்டு. ஐந்தாம் வாரத்துக்கு 'வீக் ஃபைவ் ப்ளூஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். களைப்பு ஏறி, வெயில் குறைந்து, நான்கரை மணிக்கே இருட்டி, வீட்டு ஞாபகம் வரும் வாரம். அந்த வாரத்தில் வரும் தொலைபேசி அழுகையைக் கேட்டு டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடாதீர்கள். ஏழாம் வாரத்திலும் அப்படியே இருந்தால் அது வேறு. அப்போது 'ட்யூட்டரை'ப் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூட்டர் பாடம் நடத்துபவர் அல்ல. பணம், உடல்நலம், மனச்சோர்வு, குடும்பச் சங்கடம் இவற்றுக்கான ஆள். பாடம் பற்றிய குறை டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸிடம், மற்றதெல்லாம் ட்யூட்டரிடம். 300 பேர் உள்ள கல்லூரியில் ட்யூட்டருக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரிந்திருக்கும் என்பது சின்ன ஆதாயம் அல்ல.

வாசலில் இருக்கும் 'போர்ட்டர்ஸ் லாட்ஜ்' இன்னொரு ஆதாரம். சாவி, தபால், பார்சல், நள்ளிரவில் காய்ச்சல், பூட்டிக்கொண்ட கதவு, எல்லாம் அங்கே. மாணவருக்குத் தனித்தனியாகத் தபால் பொந்து இருக்கும், அதைப் 'பிட்ஜ்' என்பார்கள். அறையைச் சுத்தம் செய்ய வருபவர் 'பெடர்'. அவரைப் பெயர் கேட்டு வணக்கம் சொல்லிப் பழகும் பிள்ளைக்கு அந்த இடம் பாதி வீடாகிவிடும்.

சாப்பாடு. 1914 ஏப்ரலில் வந்திறங்கிய ராமானுஜன் டிரினிட்டி உணவுக்கூடத்தை நம்பாமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர்க்காலம் வேறு, காய்கறிக்கே தட்டுப்பாடு. அந்த நிலை இன்று இல்லை. தினமும் சைவத் தட்டு உண்டு. ஆனால் அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் அதற்குள் அடக்கம். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியாக எழுத வேண்டும். 'ஃபார்மல் ஹால்' என்ற இரவு விருந்துக்கு முன்பதிவு செய்யும்போதே இதைக் குறிக்க வேண்டும், மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் உருளைக்கிழங்குதான் வரும். அந்த விருந்துக்குக் கறுப்பு கவுன் போட்டுப் போக வேண்டும். ஃபெல்லோக்கள் உயர்மேசைக்கு வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், லத்தீனில் ஜெபம் முடிந்தபின் உட்காரலாம். அடுத்தவரைப் பார்த்துச் செய்தால் போதும், அங்கே முதல் முறை வருபவர் பலரும் அப்படித்தான்.

சொந்தமாகச் சமைக்க 'ஜிப் ரூம்' என்ற சின்னச் சமையலறை மாடிப்படிக்கு ஒன்றாக இருக்கும். ஒரு குளிர்பதனப்பெட்டி, மைக்ரோவேவ், சில இடங்களில் மட்டும் அடுப்பு. இங்கேதான் நம் தாளிப்புக்குச் சோதனை. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழுந்த அரை நிமிடத்தில் புகை உணரி கத்தும், முழுக் கட்டடமும் இரவுடையில் முற்றத்தில் நிற்கும். சன்னலைத் திறந்து, அறைக் கதவை மூடி, எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போட வேண்டும். அல்லது வீட்டிலிருந்தே பொடிகளாகக் கொண்டுபோய், தாளிப்பைத் துறந்துவிட வேண்டும். அலுமினியக் குக்கர் எடுத்துப்போகாதீர்கள். இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் அது சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டும் எஃகுக் குக்கராகப் பாருங்கள். மின்னழுத்தம் நம்மூரைப் போலவே 230 வோல்ட், ஆனால் பிளக் வேறு: தட்டையான மூன்று முனை, உள்ளே ஃபியூஸ். படுக்கையறையில் அரிசிக் குக்கர் வைக்க பெரும்பாலும் அனுமதி கிடையாது. கண்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கறிவேப்பிலை, புளி, துவரம்பருப்பு எல்லாம் மில் ரோடு கடைகளில் கிடைக்கும், பீட்டர்ஹவுஸிலிருந்து நடக்கும் தூரம்தான்.

லண்டன் சித்தப்பா வீட்டிலிருந்து போய்வர முடியாது. ரயில் ஒரு மணிக்குள் போய்விடும் என்பது உண்மை, ஆனால் இளநிலை மாணவர்கள் பருவக்காலத்தில் நகர நடுவிலுள்ள கிரேட் செயின்ட் மேரிஸ் ஆலயத்திலிருந்து 3 மைலுக்குள் தங்கியிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பருவத்தில் குறிப்பிட்ட இரவுகள் தங்கினால்தான் அந்தப் பருவம் கணக்கில் ஏறும். சித்தப்பா வீடு பயன்படுவது விடுமுறையில். பல கல்லூரிகளில் பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் தங்க விடலாம், அல்லது பெட்டிகளை மட்டும் வைத்துப்போக இடம் தரலாம்; இது கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிசம்பர் விடுமுறை முழுதும் எங்கே தங்குவாள் என்பதைச் செப்டம்பரிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பணக்கணக்கில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. பாடத்தின் கட்டணத்தை மட்டும் பார்த்து வங்கிக்கடன் கேட்டால் துண்டு விழும். விசாவோடு கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, விசாக்காலம் முழுமைக்கும் முதலிலேயே. இரண்டு, பகுதிநேர வேலை. விசா வாரத்துக்கு 20 மணி நேரம் அனுமதித்தாலும், பருவத்தில் இளநிலை மாணவர் வேலை பார்ப்பதைக் கேம்பிரிட்ஜ் விரும்புவதில்லை. எட்டு வாரப் பருவத்தில் நேரமும் இருக்காது. அந்த வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் சின்னக் கல்லூரிக்குத்தான் என் ஓட்டு: கல்லூரிகளுக்கிடையே நடக்கும் படகுப் பந்தயம். ஒரு படகுக்கு எட்டு துடுப்பும் ஒரு சுக்கானும், ஆக ஒன்பது பேர். ஆண்கள் பெண்கள் இருபாலிலும் இரண்டு இரண்டு படகு இறக்கினாலே 36 பேர் வேண்டும். முந்நூறில் முப்பத்தாறு என்றால் துடுப்பைத் தொட்டே பார்க்காதவளையும் கை பிடித்து இழுத்துப்போவார்கள். கேம் நதி குறுகல் என்பதால் அங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும் பந்தயம் இல்லை. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ ஒன்றரைப் படகு நீளம் இடைவெளி விட்டு நிற்கும். பீரங்கி வெடித்ததும் முன்னால் போவதைத் துரத்திப்போய் இடிக்க வேண்டும். இடித்தால் மறுநாள் இடம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு நாளும் இடித்து ஏறினால் துடுப்புப் பரிசு, நான்கு நாளும் இடிபட்டால் கரண்டி என்று கேலி. இதன் கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். இதே பத்துப் பேர்தான் பாடகர் குழுவிலும், நாடகத்திலும், மாணவர் மன்றத்திலும் இருப்பார்கள். எல்லாரும் நேரில் கேட்பதால் மறுக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளை ஐந்தாம் வாரத்தில் படுத்துவிடும். முதல் பருவத்துக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிரினிட்டிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நடைமுறையில் முடியாது, அதற்கு முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆஃபரை ஏற்பதற்கு முன் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதை நீங்கள் எழுதாமல் மகளே எழுதட்டும், அங்கே பெற்றோரிடம் பேசமாட்டார்கள். கேட்கவேண்டியவை: இந்த ஆண்டு கல்லூரிக் கட்டணமும் அறை வாடகையும் எவ்வளவு, வாடகையில் எத்தனை வாரம் அடங்கும், டிசம்பர் விடுமுறையில் அறையில் தங்கலாமா, முதலாண்டு அறைக்குப் பக்கத்து ஜிப் ரூமில் அடுப்பு உண்டா, தன் ஆண்டில் தன் பாடத்துக்கு எத்தனை பேர் சேர்கிறார்கள்.